யாருடைய தியாகம்?

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், என் மகள் வீட்டில் இரண்டு மாத காலம் தங்கியிருந்தபோது எனக்கு ஒரு நண்பர் வாய்த்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர், தஞ்சாவூர் ஜில்லாக்காரர். நாற்பது வருஷத்துக்கு முன் அந்த ஊருக்குப் போனவர், நம் ஊர்க் காப்பியையும் விடவில்லை, அந்த ஊர் ஃபுட்பாலையும் விடவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டால் சிவப்புச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். இன்னொரு தம்ளர் காப்பி வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட அவர் வீட்டு அம்மாள் ஆட்டத்தின் இடைவேளை வரையில் காத்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது மனிதர் வாட்டமாக இருந்தார். அவர் கட்சி தோற்றுக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். அது இல்லையாம்.

"காலம் கெட்டுப்போச்சு, ஸார். ஒரு கலாசாலையிலே கோச் ஒரு பையனைக் கூப்பிட்டு, 'தம்பி, கட்சிக்காக நீ இனிமே வேறே இடத்திலே ஆடணும்'னு சொல்லியிருக்கார். பையன் என்ன கேட்டான் தெரியுமா? 'அப்போ என் பணம் என்ன ஆகும்?'னு கேட்டானாம். முன்னெல்லாம் பையன்கள் இப்படியா கேட்டாங்க? 'எங்கே நிக்கச் சொல்றீங்களோ அங்கே நிக்கறேன்'னு சொன்னாங்க. இதோ, இந்த ஊரிலேயே பிராக்ஸ்டன் மில்லர்னு ஒருத்தர் இருந்தாரே, அவரைப் பாருங்கோ! பணம் வந்தது, தியாகம் போச்சு."

நான் பதில் சொல்லவில்லை. ஒருவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே அவரோடு சண்டை போடுவது எனக்கு வராது. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. பணம் வந்தது, தியாகம் போச்சு. எவ்வளவு அழகான வாக்கியம்! எவ்வளவு பெரிய பொய்!

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி என்பது என் அபிப்பிராயம். இன்னும் சொல்லப்போனால், அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் மிகவும் தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வி அது. என் நண்பர் மன்னிப்பார் என்ற நம்பிக்கையோடு அன்று சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன்.

வாசகர்களில் பலருக்கு இந்த ஆட்டம் பழக்கமிராது. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவத்துத் தோல்பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். தலையிலே கவசம், தோளிலே கவசம். நம் கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் மட்டை பிடிக்கவும் வருவான். இங்கே அப்படி இல்லை. தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர். ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தொழில்.

குவார்ட்டர்பேக் என்பவன் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானிப்பவன். ரிசீவர், அவன் எறிவதை ஓடிப் பிடிப்பவன். கார்னர்பேக், அந்த ரிசீவரை நிழல் மாதிரித் தொடர்ந்து மறிப்பவன். ரன்னிங் பேக், பந்தை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவன். டேக்கிள், முன்வரிசையில் சுவர் மாதிரி நிற்பவன். டைட் எண்ட், பாதி நேரம் சுவராகவும் பாதி நேரம் ரிசீவராகவும் இருப்பவன். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவது நாற்காலி மாற்றி உட்கார்வது போன்ற காரியமன்று. தச்சனைக் கொல்லனாகு என்பது போன்றது. டைட் எண்டை டேக்கிள் ஆக்க வேண்டுமானால் அவன் இருபது, முப்பது கிலோ சதை போட வேண்டும். அதற்காக வேளைக்கு வேளை வயிற்றில் திணித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்து கலாசாலை அவனை வழியனுப்பிவிடும். சதை அவனோடு வீட்டுக்குப் போகும்.

இடத்துக்கு இடம் விலையும் வேறு. கலாசாலை ஆட்டத்துக்கு அடுத்த படி தொழில்முறைச் சங்கம். அங்கே 2024-ல் டாலஸ் கட்சியின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர். 2025 மார்ச்சில் பிலடெல்பியாவின் சாக்வான் பார்க்லிக்கு ஆண்டுக்கு இரண்டு கோடியே சில்லறை டாலர் என்று ஒப்பந்தமானபோது, ரன்னிங் பேக் ஒருவருக்கு அதுவரை இல்லாத தொகை என்று நாடே வியந்தது. உச்சியில் இருக்கும் ரன்னிங் பேக்குக்கு உச்சியில் இருக்கும் குவார்ட்டர்பேக்கின் மூன்றில் ஒரு பங்கு! கலாசாலைச் சந்தையிலும் குவார்ட்டர்பேக்குக்குத்தான் முதல் விலை. ஆகவே 'இடம் மாறு' என்று ஒரு பையனிடம் சொல்கிறவர், அவனுடைய உடம்பை மாற்று என்று சொல்கிறார், தொழிலை மாற்று என்று சொல்கிறார், வருங்காலச் சம்பளத்தையும் மாற்று என்று சொல்கிறார். 'என் பணம் என்ன ஆகும்?' என்று அவன் கேட்டால், அவனுக்குக் கணக்குத் தெரிகிறது என்று கலாசாலை சந்தோஷப்பட வேண்டாமா?

"முன்னெல்லாம் கேட்கவில்லையே" என்கிறார் நண்பர். வாஸ்தவம். ஏன் கேட்கவில்லை என்று பார்ப்போம்.

1973-ல் அந்நாட்டுத் தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஒரு காரியம் செய்தது. அதுவரை நான்கு வருஷத்துக்குக் கொடுக்க முடிந்த உபகாரச் சம்பளத்தை, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டிய ஒரு வருஷச் சம்பளமாக மாற்றியது. புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். அதில் பயிற்சியாளர் வாக்குத்தான் வாக்கு. 2012 வரையில் இதுதான் சட்டம். சரி, இந்தக் கலாசாலை பிடிக்கவில்லை, வேறிடம் போகிறேன் என்று பையன் கிளம்பினால்? பெரிய கலாசாலைகளின் ஃபுட்பாலில், மாறிப்போகிறவன் ஒரு வருஷம் ஆடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2021-ல்தான் முதல் முறை மாறுகிறவனுக்கு அந்தத் தண்டனை நீங்கியது. 2024-ல்தான் எத்தனை முறை மாறினாலும் இல்லை என்றாயிற்று. அதாவது, பயிற்சியாளர் 'இடம் மாறு' என்றபோது பையனுக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழி. ஒன்று, மாறுவது. மற்றொன்று, படிப்பையும் ஆட்டத்தையும் பணயம் வைப்பது. அந்த நிலையில், 'எங்கே நிற்கச் சொல்கிறீர்களோ அங்கே நிற்கிறேன்' என்று அவன் சொன்னான். நாம் அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

கழுத்தில் கையை வைத்து வாங்கிய சங்கிலிக்கு நன்கொடை ரசீது கொடுப்பார்களா?

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். ஆரம்பத்தில் எல்லோரும் இரண்டு பக்கமும் ஆடினார்கள். தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். 1941-ல் ஆட்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. அதன் பிறகு தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் என்று பிரிந்தன. 1953-ல் அந்தத் தளர்வை ரத்துசெய்து, ஒவ்வொருவனும் மறுபடி இரண்டு தொழிலும் பார்க்க வேண்டும் என்றார்கள். காரணங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? இரண்டு கூட்டங்களுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்பது! 1960-களின் மத்தியில் விதி மீண்டும் தளர்ந்தது; பிரிவினை நிலைத்தது. ஆக, எவன் எங்கே நிற்பது என்பதைக் கலாசாலையின் கணக்குப் புத்தகம் தீர்மானித்த காலம் புதிதல்ல. ஆட்டத்துக்குள் பணம் நேற்றுத்தான் புகுந்தது என்பவர்கள், பையனின் பைக்குள் நேற்றுத்தான் புகுந்தது என்று திருத்திச் சொன்னால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதே ஐம்பதுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1955-ல் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் லூயிஸ் கலாசாலைக்காக ஆடிய ரே டென்னிசன் என்ற இளைஞர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலை செய்யும்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957-ல் அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஃபுட்பால் ஆடுவது கலாசாலையின் தொழில் அல்லவாம். அந்த ஐம்பதுகளில்தான் 'மாணவ விளையாட்டு வீரன்' என்ற சொற்றொடரை என்.சி.ஏ.ஏ. எங்கும் வழங்கச் செய்தது. ஆட்டக்காரர்களை ஊழியர்கள் என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிறந்த சொல் அது என்று, அச்சங்கத்தை 1951 முதல் பல பத்தாண்டுகள் நிர்வகித்த வால்டர் பையர்ஸே 1995-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நான் சொல்லை வைத்துப் பிழைப்பவன். ஒரு சொல்லால் ஒரு விதவையின் கதவை அடைக்க முடியும் என்று தெரிந்தபோது எனக்கு என் தொழிலின்மீதே கொஞ்சம் பயம் வந்தது.

இனிப் பயிற்சியாளர்களின் தியாகத்தைப் பார்ப்போமா?

அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபன், 2006 டிசம்பரில் மயாமியின் தொழில்முறைக் கட்சியில் இருந்தார். தாம் அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் அடித்துச் சொன்னார். 2007 ஜனவரி முதல் வாரத்தில் அலபாமாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரை ஒரு வருஷம் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. கடைசி வருஷங்களில் அவர் சம்பளம் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. திறமைசாலி; வாங்கட்டும். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை, ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரைப் பதவியிலிருந்து நீக்கியது. நீக்கியதற்காக, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல்! வேலை செய்யாதே என்று சொல்வதற்கு இந்த விலை. பயிற்சியாளரை ஆடுகளத்திலிருந்து வீட்டுக்கு இடம் மாற்றினால் அவர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுகிறார். அது நியாயம், சட்டம், கௌரவம். அவர் கீழே ஆடும் இருபது வயதுப் பையன் இடம் மாற்றப்பட்டு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினால் அது பேராசை, சுயநலம், கலிகாலம்! இந்தத் தர்மசாஸ்திரம் எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்று என் நண்பர் காட்டட்டும்.

இடம் மாற்றுவதிலே இன்னொரு விஷமும் கலந்திருந்தது. என் நண்பரின் நினைவில் அது இல்லாமலிருக்கலாம். யாருக்கு நேர்ந்ததோ அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது தோலின் நிறம். மூளையால் ஆட வேண்டிய இடம் குவார்ட்டர்பேக்கின் இடம் என்றும், ஆகவே அது வெள்ளையனுக்கு உரியது என்றும் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. ஒமாஹா சர்வகலாசாலையின் குவார்ட்டர்பேக் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பர். 1968-ல் டென்வர் கட்சி அவரைக் கார்னர்பேக்காக எடுத்தது. அவர் சும்மா கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் என்னைக் குவார்ட்டர்பேக்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பேசி வாங்கிக்கொண்டார். அந்த வருஷமே அவருக்கு அந்த இடம் கிடைத்தது; அவர் எறிந்த பந்துகளில் 14 எல்லைக்குள் சேர்ந்தன. மறு வருஷம்? அந்த இடத்துக்கு அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. பஃபலோ நகரத்துக் கட்சிக்குப் போய் ரிசீவராக மாறினார், அதிலும் பெயரெடுத்தார். அவர் சாமர்த்தியம் அவரைக் காப்பாற்றியது. அதனால் அவருக்குச் செய்தது நியாயமாகிவிடுமா?

வாரன் மூன், வாஷிங்டன் சர்வகலாசாலையின் குவார்ட்டர்பேக். 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் என்ற பெரிய ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது பெற்றார். இடம் மாற அவர் சம்மதிக்கவில்லை. அந்த வருஷம் தொழில்முறைக் கட்சி ஒன்றுகூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவுக்குப் போனார். எட்மன்டன் கட்சியோடு அந்நாட்டுக் கோப்பையை 1978 முதல் 1982 வரை வரிசையாக ஐந்து முறை வென்றார். 1984-ல்தான் ஹூஸ்டன் நகரம் அவரைக் குவார்ட்டர்பேக்காக அழைத்தது. 2006-ல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2016-ல் கலாசாலை ஆட்டக்காரருக்குரிய தலையாய விருதைக் குவார்ட்டர்பேக்காக வாங்கிய லாமார் ஜாக்சனை, 2018-ல் ரிசீவராக மாறச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். 2019-ல் தொழில்முறைச் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று, ஒரு வாக்குக்கூட மாறாமல், அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த மூவரும் 'கட்சிக்காக' என்று தலையாட்டியிருந்தால் நாம் அவர்களைப் பண்பாளர்கள் என்று புகழ்ந்திருப்போம். அவர்கள் மூவரும் வாழ்ந்தது, தலையாட்டாததால்.

இப்படிச் சொல்வதால் இடம் மாறுவதே குற்றம் என்று நான் வாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். தன் திறமை எங்கே இருக்கிறது என்பது தனக்கே தெரியாத மனிதர்கள் உண்டு. அதை வெளியிலிருந்து ஒரு கண் காணலாம். கென்ட் ஸ்டேட் சர்வகலாசாலையில் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜூலியன் எடெல்மன் தொழில்முறையில் ரிசீவராகிப் பேர் வாங்கினார். ஆர்கன்ஸாவில் டைட் எண்டாக இருந்த ஜேஸன் பீட்டர்ஸை 2004-ல் ஒரு கட்சியும் தேர்ந்தெடுக்கவில்லை. டேக்கிள் ஆன பிறகு அந்தத் தலைமுறையின் பெரிய டேக்கிள்களில் ஒருவரானார். ஜே. ஜே. வாட் என்பவர் சென்ட்ரல் மிச்சிகனில் டைட் எண்டாக இருந்தவர். உபகாரச் சம்பளத்தை உதறிவிட்டு விஸ்கான்ஸினுக்குப் போனார். நடுவிலே பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். அங்கே தடுக்கும் பக்கத்தில் இடம் பிடித்தார். பிறகு தொழில்முறையில் மூன்று முறை தடுப்பாட்டக்காரரில் தலைசிறந்தவர் என்ற விருதை வாங்கினார். கதவைத் திறந்தது அவர் கை. செலவும் அவருடையது, வரவும் அவருடையது. நான் கேட்பது அவ்வளவுதான்.

இங்கேதான் என் நண்பர் உதாரணம் காட்டிய பிராக்ஸ்டன் மில்லரிடம் வருகிறேன். அவர் ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையின் குவார்ட்டர்பேக். 2014 ஆகஸ்டில் தோளில் அடிபட்டு அந்த வருஷம் முழுவதும் ஆட முடியாமல் போயிற்று. அவருக்குப் பின்னால் நின்ற இருவர் ஒருவர் பின் ஒருவராக ஆடி, தேசியப் பட்டத்தையே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மில்லர் பட்டப்படிப்பை முடித்துவிட்டவர். பட்டதாரிகளுக்கு அப்போதே விதி விலக்கு இருந்தது. வேறு எந்தக் கலாசாலைக்கும் போய் மறுநாளே குவார்ட்டர்பேக்காக ஆடியிருக்கலாம். அவர் போகவில்லை. தங்கி, 2015-ல் ரிசீவராக ஆடினார். 2016-ல் ஹூஸ்டன் கட்சி அவரை ரிசீவராகவே எடுத்துக்கொண்டது.

நண்பரே, உங்கள் உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் அது உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லவில்லை. என் கட்சிக்குச் சொல்கிறது. மில்லருக்கு வாசல் திறந்திருந்தது. போகலாம் என்று இருந்தபோது தங்கியதால்தான் அதற்கு ஒரு மதிப்பு. பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறவனை, 'பார், இவன் வீட்டின்மேல் எவ்வளவு பற்று வைத்திருக்கிறான்!' என்று யாராவது புகழ்வார்களா?

என் வாலிபத்தில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கதை எழுதுவதற்காகச் சேர்ந்தவன். ஒரு நாள் ஆசிரியர் கூப்பிட்டு, "இனிமேல் நீ விளம்பர இலாகாவைப் பார்த்துக்கொள், பத்திரிகை நம் எல்லோருக்கும் ஒரு குடும்பம் அல்லவா?" என்றார். குடும்பம்தான். மாதக் கடைசியில் பார்த்தால், அந்தக் குடும்பத்திலே என் ஒருவனுக்கு மட்டும் சம்பளம் குறைந்திருந்தது. அந்த இலாகாவின் விகிதம் அதுவாம். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாடகை இருந்தது. என் மௌனத்தை ஆசிரியர் விசுவாசம் என்று வெகுநாள் புகழ்ந்துகொண்டிருந்தார். அது முதல் விசுவாசம், தியாகம் என்ற சொற்களை மேலதிகாரி வாயிலிருந்து கேட்டால், என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

இப்போது பணம் வந்திருக்கிறது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். மறு மாதமே, ஆட்டக்காரன் தன் பெயரையும் உருவத்தையும் விற்றுப் பணம் வாங்கலாம் என்று விதி மாறியது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்பாடு. பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர். இனிமேல் ஒவ்வொரு கலாசாலையும் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேராகவே பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு, கலாசாலை ஒன்றுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர்.

நல்லதுதான். ஆனால் இதிலும் ஒரு பழைய தந்திரம் ஒளிந்திருக்கிறது. கலாசாலை எழுதித் தரும் ஒப்பந்தத்தில் 'நீ ஆடுவதற்குச் சம்பளம்' என்று பெரும்பாலும் இராது. பெயரையும் உருவத்தையும் உபயோகிக்கும் உரிமைக்குக் கட்டணம் என்றுதான் இருக்கும். ஓடுகிற காலுக்குப் பணம் இல்லை, இடிபடுகிற தோளுக்குப் பணம் இல்லை, முகத்துக்குப் பணம்! அந்த முகத்தை ஆட்ட நேரம் முழுவதும் இரும்புக் கம்பி போட்ட கவசம் மறைத்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஏன் இந்தச் சுற்று வழி? சம்பளம் என்று சொன்னால் ஊழியன் என்று ஆகும். ஊழியன் என்றால் நஷ்டஈடு, சங்கம், பேரம் எல்லாம் வரும். 1957-ல் டென்னிசனின் மனைவிக்கு அடைத்த அதே கதவு. தாழ்ப்பாள் மட்டும் புதிது. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை ஆட்டக்காரர்கள் ஊழியர்களே என்று ஒரு தொழிலாளர் அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2015-ல் மேலே இருந்த வாரியம் இந்த வழக்கில் தலையிட மாட்டோம் என்று கைகழுவியது. 2025 உடன்பாடும் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

இதனால் என்ன விளையும்? பையன் குவார்ட்டர்பேக் என்று பேசி ஒரு தொகைக்கு வருவான். ஆறு மாதம் கழித்துப் பயிற்சியாளர் அவனைக் கார்னர்பேக் ஆக்குவார். அடுத்த வருஷம் ஒப்பந்தம் பேசும்போது, கார்னர்பேக்குக்கு இதுதான் விகிதம் என்பார்கள். அன்று ஒரு சொல்லால் பறித்ததை இன்று ஒரு விகிதத்தால் பறிப்பார்கள்.

"அப்படியானால் ஒவ்வொருவனும் குவார்ட்டர்பேக்காகவே இருப்பேன் என்று அடம் பிடிப்பானே, கட்சி எப்படி நடக்கும்?" என்று கேட்கலாம். எவனையும் எந்த இடத்திலும் ஆடவிட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பது பயிற்சியாளரின் உரிமை. ஆனால், ஒருவன்தான் ஆடப்போகிறான் என்று தெரிந்தே நான்கு குவார்ட்டர்பேக்குகளை ஆசை காட்டிச் சேர்ப்பவர் யார்? அவர்தானே? அது அவருடைய சூதாட்டம். ஜெயித்தால் லாபம் அவருக்கு. தோற்றால் மட்டும் அந்த நான்காவது பையன், கட்சிக்காக என்று நஷ்டத்தை எழுதிக்கொள்ள வேண்டுமா?

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. இடம் மாற்றுவது கலாசாலையின் யோசனையானால், பேசிய தொகை ஒரு காசு குறையக் கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மாட்டேன் என்கிறவனுக்குப் படிப்பு நிற்கக் கூடாது. புதிய இடத்துக்காக ஏற்றிய எடைக்கும் உடைந்த முழங்காலுக்கும் பிற்காலத்தில் வைத்தியம் பார்ப்பது கலாசாலையின் கடமையாக வேண்டும். 2024 முதல், ஆட்டத்தில் பட்ட காயங்களுக்குக் கலாசாலையை விட்ட பின்னும் இரண்டு வருஷம் வைத்தியச் செலவு உண்டு என்று விதி செய்திருக்கிறார்கள். முழங்கால் காலண்டர் பார்த்தா வலிக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, உழைக்கிறவனை உழைக்கிறவன் என்று சொல்லிக் கூப்பிடும் நேர்மை வர வேண்டும்.

பணம் எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடும் என்று நம்புகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரு கலாசாலை என்று தாவுகிற பையன் எந்தப் பாடத்தைப் படித்துத் தேறுவான் என்ற கவலை எனக்கும் உண்டு. தனக்கு ஒத்துவராத இடத்தில் விலைக்காகவே ஒட்டிக்கொண்டு வாழ்வைக் கெடுத்துக்கொள்கிறவனும் இருப்பான். ஆனால் அது அவன் செய்யும் தவறு. பிறர் செய்யும் தவற்றைத் தன் பாக்கியமாக எண்ணிச் சிரித்துக்கொண்டே சுமப்பதைவிட, ஒரு மனிதன் தன் தவற்றைத் தானே செய்வது எவ்வளவோ மேல்.

ஆகவே, நண்பரே, உங்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பித் தருகிறேன். பணம் வந்ததால் தியாகம் போகவில்லை. பணம் வந்த பிறகுதான் தியாகம் சாத்தியமே ஆயிற்று. கையில் ஒன்றும் இல்லாதவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்; அவன் கொடுத்தான் என்று சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு பையன், தன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, தன் விலை இன்னதென்று அறிந்து, வேறு வாசல் திறந்திருப்பதையும் கண்டு, அதன் பிறகும், 'பரவாயில்லை, கட்சிக்கு ஆள் இல்லை, நான் அங்கே நிற்கிறேன்' என்று சொல்வானானால், அவனுக்காக நானும் ஒரு சிவப்புச் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.

அதுவரையில், 'என் பணம் என்ன ஆகும்?' என்று கேட்கிற பையன் பக்கத்தில்தான் நான் உட்காருவேன். காப்பி மட்டும் உங்கள் வீட்டுக் காப்பியாக இருக்கட்டும்.